ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயரில் இனர்ஷியா ரீல் சீட் பெல்ட்: ஆறு வருட அனுபவம்

2019 ஏப்ரலில் என் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 4 காரிலிருந்த பழைய சீட் பெல்ட்டுகளைக் கழற்றிவிட்டு, இன்றைய கார்களில் இருப்பதுபோலத் தானே சுருண்டுகொள்ளும் இனர்ஷியா ரீல் பெல்ட்டுகளைப் பொருத்தினேன். ஆறு வருடத்தில் ஏறத்தாழ 15,000 மைல் ஓட்டியாகிவிட்டது. மாற்றியது நல்லதுதானா என்றால், சந்தேகமே இல்லாமல் நல்லதுதான். ஆனால் முதல் தடவை நான் பொருத்திய விதம் தவறு. அதைத் திருத்திக்கொள்ள முழுக் கோடைகாலம் ஆனது. பழைய காரில் பெல்ட் மாற்ற நினைப்பவர்களுக்கு அந்தப் பகுதிதான் அதிகம் உதவும் என்பதால் அதை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கார். 1972-ல் கவென்ட்ரியின் கேன்லி தொழிற்சாலையில் செய்தது. 1296 சிசி எஞ்சின், இரண்டே சீட், மடக்கும் துணிக்கூரை. இதை நான் வாங்கியதற்குக் காரணம் சென்னையில் இருக்கிறது. அப்பா வைத்திருந்தது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டுதான் 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் என்ற பெயரில் தயாரானது. அந்த ஹெரால்டின் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, குட்டையாக்கித்தான் ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள். இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி. இப்போது நான் இருக்கும் பிரிட்டனில் முதன்முதலாக ஒரு ஸ்பிட்ஃபயரின் பானட் முழுசாக முன்பக்கம் கவிழ்ந்து திறப்பதைப் பார்த்தபோது, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அப்பா முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து ஸ்பார்க் ப்ளக் துடைத்துக்கொண்டிருந்தது கண்ணுக்குள் வந்து நின்றது. அந்தக் காரில் பெல்ட் என்ற பேச்சே கிடையாது. முன் சீட்டில் அம்மா மடியில் உட்கார்ந்துதான் மாமல்லபுரம் வரை போயிருக்கிறேன்.

என் ஸ்பிட்ஃபயரில் இருந்தவை ஸ்டாட்டிக் பெல்ட்டுகள். மூன்று இடத்தில் பிடிக்கும் பெல்ட்டுகள்தான். 1959-ல் வோல்வோவின் பொறியாளர் நீல்ஸ் போலின் கொண்டுவந்த அதே அமைப்பு. ஆனால் ரீல் கிடையாது. பட்டையின் நீளத்தை நாமே இழுத்து, நம் உடம்புக்குத் தக்கபடி வைத்துக்கொள்ள வேண்டும். இறுக்கிப் போட்டால், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப இழுக்கும் சோக் குமிழுக்குக் கை எட்டாது. கூரை மூடியிருக்கும்போது ஸ்பிட்ஃபயரில் பின்பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. சந்திப்புகளில் முன்னால் குனிந்துதான் பார்க்க வேண்டும், இறுகிய பெல்ட் அதற்கு விடாது. அதனால் கொஞ்சம் தளர்த்துவேன். அப்புறம் இன்னும் கொஞ்சம். ஒரு நாள் வண்டியை நிறுத்தியபின் நெஞ்சுக்கும் பட்டைக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தேன். இரண்டு முஷ்டி தாராளமாக நுழைந்தது. அவ்வளவு தளர்வாக இருந்தால், மோதும்போது பெல்ட் பிடிக்குமுன் நெஞ்சு ஸ்டியரிங்கில் போய் நிற்கும். பெல்ட் போட்டிருக்கிறேன் என்ற நினைப்பு மட்டும்தான் எனக்கு இருந்திருக்கிறது. அன்றைக்கே மாற்றுவதென்று முடிவு செய்தேன்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் முன் சீட்டில் பெல்ட் அணிவது 1983 ஜனவரி 31 முதல் கட்டாயம். 1965-க்கு முன் பதிவான பழைய கார்களில் பெல்ட் இல்லாமலே இருக்கலாம். என் கார் 1972 என்பதால் இருந்தே ஆக வேண்டும். ஸ்டாட்டிக் பெல்ட் இன்னமும் சட்டப்படி செல்லும், மாற்றச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நாற்பது வருடம் தாண்டிய கார்களுக்கு 2018 மே முதல் எம்.ஓ.டி. எனும் வருடாந்தரத் தகுதிச் சோதனையும் தேவையில்லை. அதாவது, பெல்ட் மாட்டியிருக்கும் தகடு துருப்பிடித்து உளுத்துப் போயிருந்தாலும் நாம் பார்த்தால்தான் உண்டு.

என் காரில் உளுத்துத்தான் போயிருந்தது. பெல்ட்டின் தோள் முனை பின் சக்கர வளைவில், இன்னொரு முனை கதவோரம் கீழே, பக்கிள் இரண்டு சீட்டுக்கும் நடுவே மேடாக ஓடும் டன்னலில். மூன்றுமே யு.என்.எஃப். எனும் தர அளவில் 7/16 அங்குல மரை, அங்குலத்துக்கு 20 சுற்று. உலகம் முழுக்கச் சீட் பெல்ட்டுக்குப் பெரும்பாலும் இதே அளவுதான் என்பதால், ஐம்பது வருடப் பழைய ஓட்டையில் புது போல்ட் அப்படியே ஏறிவிடும். துளை போட வேண்டியதில்லை. வலது பக்கம் கதவோர போல்ட்டில் ஸ்பேனரை வைத்துத் திருப்பினேன். போல்ட் திரும்பியது. கூடவே அதைச் சுற்றியிருந்த தகடும் திரும்பியது. கம்பளத்தை உரித்துப் பார்த்தால், நட்டைப் பிடித்திருந்த தகட்டின் விளிம்பு விரலால் தொட்டதும் உதிர்ந்தது. நான்கு வருடமாக அந்த போல்ட்டை நம்பித்தான் மகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

ஸ்பிட்ஃபயரில் இது இன்னும் கவலைப்பட வேண்டிய விஷயம். ஹெரால்டின் சேசிஸில் இருந்த பக்கச் சட்டங்களை இதில் எடுத்துவிட்டார்கள். அந்தப் பலத்தைக் கொடுப்பது கதவுக்குக் கீழே ஓடும், 'சில்' எனப்படும் தகடுகள்தான். அங்கே துரு என்றால் காரே பலவீனம் என்று பொருள். வெல்டரிடம் கொடுத்து அழுகியதை வெட்டி எடுத்து, புதுத் தகடும் புது நட்டும், சுமையைப் பரப்ப நட்டுக்குப் பின்னால் தடிமனான இன்னொரு தகடும் வைத்துப் பற்றவைத்தோம். பெல்ட் இரண்டுக்கும் கொடுத்தது 130 பவுண்டு. வெல்டிங்குக்கு ஆனது அதைப்போல மூன்று மடங்கு. பெல்ட் மாற்ற நினைப்பவர்கள் பெல்ட்டை ஆர்டர் செய்யுமுன் கம்பளத்தை உரித்துப் பாருங்கள்.

பெல்ட்டில் வட்டத்துக்குள் 'ஈ' எழுத்தும் எண்ணும் கொண்ட ஐரோப்பிய ஒப்புதல் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன். பழைய கார்களிலிருந்து கழற்றிய ரீல்கள் மலிவாகக் கிடைக்கின்றன. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். விபத்தில் ஒரு தடவை இழுபட்ட பட்டையை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

இனி நான் செய்த தவறு.

ரீலைப் பின் சக்கர வளைவில் பழைய ஓட்டையிலேயே மாட்டினேன். அந்தத் தகடு சரிவானது, ஆகவே ரீலும் சாய்ந்து உட்கார்ந்தது. கராஜில் இழுத்துப் பார்த்தேன், வந்தது. வெளியே கொண்டுவந்து வீட்டு வாசல் சரிவில் நிறுத்தினேன். பட்டையை இழுத்தால் ஒரு சாண்கூட வரவில்லை, 'டக்'கென்று பூட்டிக்கொண்டது. மெதுவாக இழுத்தாலும் அப்படியே. ரீல் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பி வேறு வாங்கினேன். அதுவும் பூட்டிக்கொண்டது.

காரணம் ரீலின் உள்ளே இருக்கிறது. சின்னக் கிண்ணத்தில் ஒரு இரும்புக் குண்டு உட்கார்ந்திருக்கும். கார் திடீரென்று வேகம் குறைந்தால் குண்டு கிண்ணத்தின் ஓரத்தில் ஏறும். மேலே இருக்கும் நெம்புகோலைத் தூக்கும். நெம்புகோல் பல்சக்கரத்தில் மாட்டும், ரீல் சுற்றுவது நிற்கும். பட்டையை வெடுக்கென்று இழுத்தால் பூட்டும் அமைப்பு தனி. குண்டு நேராக உட்கார்ந்திருந்தால்தான் இதெல்லாம் ஒழுங்காக நடக்கும். ரீல் சாய்ந்திருந்தால் குண்டு முன்கூட்டியே பாதி ஏறி நிற்கிறது. வாசல் சரிவு மீதியை ஏற்றிவிடுகிறது. என் இரண்டு ரீலிலும் கோளாறே இல்லை.

ரீலுக்கு அடியில் ஆப்பு மாதிரி ஏதாவது வைத்து நிமிர்த்தலாமா என்று யோசித்தேன். நல்லவேளை செய்யவில்லை. மோதலில் முழு உடம்பின் பாரமும் அந்த போல்ட்டில்தான் வரும். அதன் அடியில் வாஷரை அடுக்கக் கூடாது. தாங்கியின் கோணத்தைத் திருப்பி, ரீலை நேராக வைத்துப் பூட்டும் வசதியுள்ள ரகம் தனியாகவே விற்கிறது. அதை வாங்கி, ரசமட்டம் வைத்துப் பார்த்து மாட்டினேன். அன்றிலிருந்து ஆறு வருடமாக வாசல் சரிவிலும் சரி, பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பாதைகளிலும் சரி, தேவையில்லாமல் ஒரு தடவைகூடப் பூட்டவில்லை.

பக்கிளிலும் இப்படி ஒரு பாடம். முதலில் வாங்கிய பக்கிளின் தண்டு நீளம். மாட்டினால் பக்கிள் வயிற்றின் மேல் வந்து உட்கார்ந்தது. இடுப்புப் பட்டை இடுப்பெலும்பில் படிய வேண்டும், மெத்தென்ற வயிற்றில் அல்ல. குட்டைத் தண்டாக மாற்றியதும் சரியானது, ஹேண்ட்பிரேக்கிலும் இடிப்பதில்லை. போல்ட்டை முறுக்கியபின் பட்டையின் முனைத்தகடு கையால் தள்ளினால் தாராளமாகத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். வாஷர்களின் வரிசை மாறிப்போனால் தகடு இறுகி நின்றுவிடும்.

தினசரி வித்தியாசம் மிகப் பெரியது. பட்டை எப்போதும் உடம்போடு ஒட்டி இருக்கிறது. குனிந்தால் கூடவே வருகிறது, நிமிர்ந்தால் திரும்பிப் போகிறது. சோக் எட்டுகிறது, கதவுப் பிடி எட்டுகிறது. கழற்றிய பட்டை தரையில் கிடந்து கதவில் மாட்டிக் கிரீஸ் அப்பிக்கொள்ளும் தொல்லை போய்விட்டது. மகள் அளந்து சரிசெய்யாமல் ஏறி உட்கார்ந்து மாட்டிக்கொள்கிறாள்.

2022 செப்டம்பரில் வார்விக்‌ஷயரில் ஃபாஸ் வே சாலையில் போய்க்கொண்டிருந்தோம். ரோமானியர் காலத்து நேர்க்கோட்டுச் சாலை. வேலி மறைவிலிருந்து ஒரு டிராக்டர் டிரெய்லரோடு குறுக்கே வந்துவிட்டது. முழு பலத்தோடு பிரேக்கை மிதித்தேன். நான்கு சக்கரமும் கத்தின. இரண்டு பெல்ட்டும் ஒரே நேரத்தில் இறுகியதை உணர்ந்தேன். டிரெய்லருக்கு ஒரு கார் நீளம் முன்னால் நின்றோம். "அப்பா, எனக்கு ஒண்ணும் ஆகல" என்று மகள்தான் முதலில் பேசினாள். அவள் முதுகு சீட்டை விட்டு நகரவே இல்லை. பழைய பெல்ட்டாக இருந்திருந்தால் அந்த இரண்டு முஷ்டி இடைவெளியைத் தாண்டி அவள் டாஷ்போர்டுக்குப் போயிருப்பாள் என்ற நினைப்பில் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

குறைகளும் உண்டு. ரீல்கள் சீட்டுக்குப் பின்னால் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. கூரையைக் கவனமில்லாமல் மடக்கினால் அதன் சட்டம் ரீலின் உறையில் உரசுகிறது. கூரை திறந்து 60 மைல் வேகம் தாண்டினால் தோளருகே பட்டை காற்றில் படபடக்கிறது. பெரிய குறை, மேல் பிடிமானம் தாழ்வாக இருப்பது. என் உயரம் ஐந்தடி ஏழங்குலம், எனக்குப் பரவாயில்லை. ஆறடி தாண்டிய நண்பர் உட்கார்ந்தால் பட்டை அவர் தோளைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. மோதினால் அது தோளைக் கீழ்நோக்கி அமுக்கும், முதுகெலும்புக்கு நல்லதல்ல. இதற்கு ரீல் தீர்வாகாது. பந்தயக் கார்களில் போடும் நான்கு முனை ஹார்னஸ் போடலாமே என்று சிலர் சொல்வார்கள். அதன் தோள் பட்டைகளைத் தரையில் மாட்டினால் இதே அமுக்கல் இரண்டு தோளிலும் வரும். கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளைவான ரோல் பார் இல்லாத திறந்த காரில் ஆளை நிமிர்த்திக் கட்டிப்போட்டால், கவிழும்போது தலை குனியவும் முடியாது. சாலையில் ஓட்டும் காருக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

பராமரிப்பு அதிகமில்லை. மூன்றாவது வருடம் ஓட்டுநர் பக்கம் பட்டை சோம்பலாகச் சுருண்டது. ரீல் தேய்ந்துவிட்டதோ என்று பயந்தேன். பட்டை முழுவதையும் வெளியே இழுத்து, சுருண்டுவிடாமல் கிளிப் போட்டு, வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பு கலந்து துணியால் துடைத்தேன். ஒரு வாளித் தண்ணீர் கறுத்தது. நன்றாக உலரவிட்டதும் பழையபடி விறுவிறுவென்று உள்ளே போனது. ப்ளீச்சோ சாயமோ பட்டையில் படக் கூடாது, இழை பலம் இழக்கும். வெயிலும் அதைத்தான் செய்யும் என்பதால் வண்டி நிற்கும்போது கூரையை மூடிவிடுகிறேன். ஒவ்வொரு வசந்தத்திலும் ஆறு போல்ட்டையும், முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரென்ச்சில் சரிபார்க்கிறேன்.

கழற்றிய பழைய பெல்ட்டுகள் பரணில் ஒரு பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. காரில் புதுத் துளை எதுவும் போடாததால், அசல் தோற்றம்தான் வேண்டும் என்பவர் நாளைக்கு இந்தக் காரை வாங்கினால் ஒரு மதியத்தில் திருப்பி மாட்டிவிடலாம். போன வாரம் பார்த்தபோது பயணி பக்கப் பட்டை, பக்கிள் உரசும் இடத்தில் லேசாக நூல் பிசிறியிருந்தது. இந்தக் குளிர்காலத்தில் அந்தப் பக்க ரீலைப் பட்டையோடு சேர்த்துப் புதிதாக மாற்றுகிறேன். மார்ச்சில் மகள் ஓட்டுநர் தேர்வு எழுதுகிறாள்.