10 நாட் கூட வைப்பதா, கணக்கு வேகத்தில் வருவதா?

கொழும்பை அடுத்த இரத்மலானையில் விமானம் ஓட்டப் பழகும் பிள்ளைகளோடு கதைக்கும்போது ஒரு கேள்வி தவறாமல் வரும்: "அண்ணா, ஃபைனலில் ஒரு 10 நாட் கூட வைத்து வந்தால் பாதுகாப்புத்தானே?" ஃபைனல் என்பது ஓடுபாதைக்கு நேராக இறங்கிவரும் கடைசிப் பகுதி; ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர் வேகம். நானும் அப்படித்தான் பழகியிருந்தேன். செஸ்னா 172 என்ற சிறு விமானத்திலிருந்து இன்னும் வேகமான மூனி எம்20ஜே-க்கு மாறியபோது அந்தப் பழக்கத்தைக் கைவிட வேண்டிவந்தது. இரண்டு விதமாகவும் இறக்கிப் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன். நான் எந்தப் பக்கம் என்பது போகப் போகத் தெரிந்துவிடும்.

முதல் முறையில் பிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் மடல்) பாதிதான். கையேட்டு வேகத்துக்கு மேல் 10 நாட் வைத்து, கொஞ்சம் பவரோடு வந்து, சக்கரத்தை ஓடுபாதையில் வைத்துவிடுவார்கள். இரண்டாவது முறையில் முழு பிளாப், அன்றைய எடைக்குக் கணக்கிட்ட வேகம். ஓடுபாதை முகப்பைத் தாண்டியதும் இஞ்சின் பலத்தைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலை மூடி, விமானம் இனிப் பறக்க முடியாது என்று தானாக அமரும்வரை அதன் மூக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

முதல் முறையின் நன்மைகள் தெரிந்தவைதான். கட்டுப்பாடு இறுக்கமாக இருக்கும், முன்னால் வடிவாகத் தெரியும், ஸ்டால், அதாவது வேகம் குறைந்து இறக்கை தாங்கும் வலுவை இழப்பது, தூரத்தில் இருக்கும். சரி, அதில் எனக்கு வாதமில்லை.

என் வாதம் ஓடுபாதையின் நீளத்தைப் பற்றியது. 1935 நவம்பரில் மதராஸ் பிளையிங் கிளப்பின் பயிற்சியாளர் முதன்முதலில் வந்திறங்கிய இரத்மலானையில் இன்று 1,833 மீட்டர் ஓடுபாதை இருக்கிறது. 172 எஸ், கடல்மட்டத்தில், காற்றில்லாத நாளில், 50 அடி உயரத்தில் முகப்பைத் தாண்டி முழுதாக நிற்க ஏறத்தாழ 400 மீட்டர் போதும். ஆகவே 10 நாட் கூட வந்தாலும் ஒன்றும் ஆகாது. பிழையை ஓடுபாதை விழுங்கிவிடும், பழகுபவருக்குப் பிழை நடந்ததே தெரியாது. எனக்கும் தெரியவில்லை, புளோரிடாவில் 760 மீட்டர் ஓடுபாதை ஒன்றில் மூனியை இறக்கப்போகும் வரை.

மூனி கீழ் இறக்கை விமானம், உடம்பும் வழவழப்பானது. தரைக்குக் கிட்ட வந்ததும் இறக்கைக்கு அடியில் இருக்கும் காற்று அதைத் தாங்கிப் பிடிக்கிறது, வேகம் குறையவே மாட்டேன் என்கிறது. முழு எடையில் 70 நாட்டுக்குச் சற்று மேல் வர வேண்டிய இடத்தில் அன்றைக்கு நான் 80-க்கு மேல் வந்தேன். 80 நாட் என்றால் நொடிக்கு 41 மீட்டர். 10 நொடி மிதந்தாலே கிட்டத்தட்ட 400 மீட்டர் போய்விட்டது. ஓடுபாதையின் மறுமுனையில் இருந்த மரங்கள் பெரிதாகிக்கொண்டே வர, த்ராட்டிலைத் தள்ளி மேலே போனேன். இரண்டாம் தடவையும் அதேதான். மூன்றாம் தடவை பயிற்சியாளர் வேகமானியில் 68-ஐ விரலால் தொட்டுக் காட்டினார். பாதி ஓடுபாதையிலேயே நின்றோம்.

வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் நிறுத்த வேண்டிய சக்தியும் கூடும். 70-க்குப் பதில் 80 என்றால் வேகம் 14 வீதம் கூட, பிரேக் தின்ன வேண்டிய சக்தியோ 30 வீதம் கூட. மிதக்கும் தூரம் இதற்கு மேல்தான் சேரும். பொறுமையிழந்து மூக்கை அழுத்தினால் நிலைமை மோசமாகும். மூனியின் சக்கரக் கால்களில் எண்ணெய்த் தணிப்பான் கிடையாது, ரப்பர் வட்டுகள்தான். மூக்குச் சக்கரம் முதலில் பட்டால் விமானம் துள்ளும், அடுத்த துள்ளல் இன்னும் பெரிதாகும், கடைசியில் ப்ரொப்பெல்லர் நிலத்தில் அடிக்கும். அப்புறம் இஞ்சினைக் கழற்றிப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் துள்ளலிலேயே மேலே போய்விடுவதுதான் நல்லது.

எடையையும் பலர் மறந்துவிடுகிறார்கள். விமானம் 20 வீதம் இலேசாக இருந்தால் வர வேண்டிய வேகம் ஏறத்தாழ 10 வீதம் குறையும். தனியாக, பாதி எரிபொருளோடு பறப்பவர் முழு எடைக்கான 71-ஐயே பிடித்துக்கொண்டு வந்தால், அவர் அறியாமலே 7 நாட் கூட வருகிறார். போதாததற்குக் கொழும்பு வெயிலும் சேரும். 31 பாகையில் காற்று மெலிந்திருப்பதால், வேகமானி அதே எண்ணைக் காட்டினாலும் உண்மை வேகம் சுமார் 3 வீதம் கூட. இதற்காக வேகமானியில் பிடிக்கும் எண்ணை மாற்றத் தேவையில்லை. தூரம் கொஞ்சம் கூடும் என்பதைக் கணக்கில் வைத்தால் போதும்.

இரண்டாவது முறையிலும் சிரமம் உண்டு. கணக்கு வேகத்தில் வருபவர் ஃபைனலுக்குத் திரும்பும்போது மூக்கைத் தூக்கி இறுக்கமாகத் திருப்பக் கூடாது. அங்கே கூடுதல் வேகம் இருக்கட்டும், முகப்புக்கு வரும்போது குறைந்திருந்தால் போதும். மூனியில் முழு பிளாப்போடு வந்து திடீரென மேலே போக நேர்ந்தால், மூக்கைத் தூக்கி வைக்கும்படி சரிசெய்திருந்த ட்ரிம் காரணமாக கண்ட்ரோலை நல்ல பலத்தோடு முன்னால் தள்ள வேண்டியிருக்கும். இதை உயரத்தில் முன்கூட்டியே பழகிப் பார்க்க வேண்டும்.

தென்மேற்குப் பருவக்காற்று வீசி வீசி அடிக்கும் நாட்களில் நானும் பாதி பிளாப் வைப்பேன், வீச்சின் வித்தியாசத்தில் பாதியை வேகத்தில் சேர்ப்பேன். 14 நாட் காற்று 24 வரை எகிறினால் 5 நாட் சேரும், அவ்வளவுதான். சிரஸ் எஸ்ஆர்22-இல் எனக்குச் சில மணி நேரங்கள்தான் அனுபவம், அதுவும் பயிற்சியாளரோடு. அது முழு பிளாப்பிலும் 80 நாட் அளவில் வரும் விமானம் என்பதால் அங்கேயும் இதே கணக்குத்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அதை நிறைய ஓட்டியவர்களின் சொல் என் சொல்லைவிடப் பெரிது.

போன மாதம், அந்தக் கேள்வியைக் கேட்ட தம்பி ஒருவரை 172-இல் கூட்டிக்கொண்டு போனேன். முகப்பைத் தாண்டியதிலிருந்து சக்கரம் படும்வரை நொடிகளை எண்ணச் சொன்னேன். 75 நாட்டில் வந்தபோது 9 எண்ணினார். அடுத்த சுற்றில் 62-இல் வந்தபோது 4 எண்ணுவதற்குள் சக்கரம் பட்டுவிட்டது. மூன்றாவது சுற்றை அவரே கேட்டு ஓட்டினார், முள்ளை 62-இல் பிடித்துக்கொண்டு.