கார் ஏசியில் அனல் காற்று: கேஸ் டாப்-அப்பா, லீக் டெஸ்டா, கம்பெனி சர்வீசா?

போன சித்திரையில் அம்மாவைக் காலடிப்பேட்டையிலிருந்து ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். டோல்கேட் பக்கம் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டி நின்றதும் ஏசியிலிருந்து அனல் அடித்தது. வண்டி நகர்ந்தால் கொஞ்சம் குளிர்ச்சி, நின்றால் மறுபடி அனல். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். அன்றைக்குச் சாயங்காலமே கேஸ் அடித்துவிட்டேன், 900 ரூபாய். மூன்றே வாரம் குளிர்ந்தது, அப்புறம் பழைய கதைதான்.

பெட்ரோல் போல ஏசி கேஸ் செலவாகித் தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது. மூன்று வாரத்தில் குறைந்தது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. இது எனக்கு முன்பே உறைத்திருந்தால் அந்த 900 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

எந்தக் கடைக்குப் போவதற்கு முன்னாலும் பானெட்டைத் திறந்து பத்து நிமிடம் பாருங்கள். இன்ஜினை ஓடவிட்டு, உள்ளே ஒருவரை ஏசி பட்டனைப் போடச் சொல்லுங்கள். கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரில் ‘டக்’ என்று அதன் கிளட்ச் பிடிக்கும் சத்தம் கேட்க வேண்டும் (கிளட்ச் இல்லாத கம்ப்ரசர் உள்ள புது வண்டிகளில் கேட்காது). சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, வயரிங் ஒரு பக்கம், கேஸ் அடியோடு காலியானது இன்னொரு பக்கம். சில நொடிக்கு ஒருமுறை பிடித்துப் பிடித்து விட்டால் பெரும்பாலும் கேஸ் குறைவு. அடுத்து, ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்சருக்குக் காற்றிழுக்கும் ஃபேன் ஓடுகிறதா? ஓடாவிட்டால் சிக்னலில் அனல், ஓட்டத்தில் குளிர்ச்சி என்றுதான் வரும். கேஸ் குறைந்தாலும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் இருக்கும், அதனால் முதலில் ஃபேனைப் பாருங்கள். ஏசி குழாய்களில் ஒல்லியானது சுட வேண்டும், தடித்தது சில்லென்று வியர்த்திருக்க வேண்டும். தடித்த குழாய் நன்றாகக் குளிர்ந்தும் உள்ளே சூடாக வந்தால் கேஸைத் தொடவே வேண்டாம். பெரும்பாலும் டேஷ்போர்டுக்குள் சூட்டையும் குளிரையும் கலந்துவிடும் கதவு சிக்கியிருக்கும். வேட்டி, துப்பட்டா பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, கேஸ்தான் குறைவு என்று தெரிந்துவிட்டது. இருக்கும் கேஸோடு மேலே கொஞ்சம் ஏற்றும் டாப்-அப்பின் பலம் வேகமும் விலையும்தான். அரை மணி நேரத்தில் குளிர்ந்த காற்றோடு வீட்டுக்கு வரலாம். பத்து வருடம் ஓடிய வண்டியில் மெல்லக் கசிந்து ஒரு கோடைக்கு ஒருமுறை கேஸ் போடும் நிலை என்றால் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் மேலே ஊற்றுவதுதான் இதன் கோளாறு. கேஸ் கூடினாலும் அழுத்தம் ஏறிச் சூடான காற்றுதான் வரும். கசிவோடு வெளியேறிய கம்ப்ரசர் ஆயிலையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆயில் குறைந்த கம்ப்ரசர் சீக்கிரமே ஜாம் ஆகிவிடும், அதன் விலைக்கு முன்னால் மற்றதெல்லாம் சில்லறை.

இரண்டாவது வழி, லீக் டெஸ்ட் செய்து ஓட்டையைத் தேடும், ஏசி வேலை மட்டுமே செய்யும் பட்டறை. நான் போன இடத்தில் அழுத்தம் பார்க்கும் கேஜ் மாட்டுவதற்கு முன்பே மெக்கானிக் டார்ச் அடித்துக் கண்டென்சரின் கீழ் மூலையைக் காட்டினார். உள்ளங்கை அளவுக்குக் கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு புழுதி அப்பியிருந்தது. “கேஸ் போற வழியில ஆயிலும் வரும் சார், ஆயில்ல தூசி ஒட்டும்” என்றார். நைட்ரஜன் ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவினார். கடுகு மாதிரி ஒரு குமிழி வந்தது, உடைந்தது, மறுபடி வந்தது. அதே இடம்தான். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டியே வண்டி ஓட்டுகிறோம். உப்புக் காற்று அலுமினியத்தை அரிக்கத்தான் செய்யும், லாரிப் புழுதி வேறு அதன்மேல் படிகிறது. (மாதம் ஒருமுறை முன்பக்கத்திலிருந்து சாதாரணக் குழாய்த் தண்ணீரை அடித்துவிடுங்கள், பிரஷர் வாஷ் வேண்டாம், தகடுகள் மடங்கிவிடும்.)

கண்டென்சரை மாற்றியபின், குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க அரை மணி நேரம் வேக்குவம் ஓடியது. அவசரத்தில் பலரும் சுருக்குவது இதைத்தான். உள்ளே ஈரம் தங்கினால், கேஸ் விரிந்து குளிரும் சிறு துளையான எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டியாக உறைந்து அடைக்கும். முதல் கால் மணி நேரம் குளிர்ந்து, பிறகு சூடாகி, அணைத்துப் போட்டால் மீண்டும் குளிரும் வண்டி இருந்தால் இந்தச் சந்தேகம் வர வேண்டும். கடைசியில் ஆயில் சேர்த்து, பானெட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து, தராசில் வைத்த சிலிண்டரிலிருந்து 380 கிராம் ஆர்-134ஏ கேஸ். மொத்தம் 6,800 ரூபாய், ஒரு நாள் வண்டி இல்லாமல்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் இதே வேலைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சொன்னார்கள். வாரண்டி இருக்கும் வண்டிக்கு யோசிக்கவே வேண்டாம், அங்கேதான் போக வேண்டும். ஆர்-1234ஒய்எஃப் என்ற வேறு வகைக் கேஸ் ஓடும் வண்டிக்கும் அதுதான் சரி, அதில் ஆர்-134ஏ கலக்கவே கூடாது. பழைய கேஸை மெஷினில் இழுத்து எடுப்பதும் பெரிய விஷயம். ஒரு கிலோ ஆர்-134ஏ காற்றில் போனால், பூமியைச் சூடாக்கும் நூறு வருடக் கணக்கில் ஆயிரம் கிலோவுக்கும் மேலான கார்பன் டை ஆக்சைடு போனதற்குச் சமம். ஏசி பட்டறையிலும் அந்த மெஷின் இருக்கிறதா என்று கேளுங்கள்.

வாரண்டி முடிந்த வண்டிக்கு என் ஓட்டு ஏசி பட்டறைக்குத்தான், டேஷ்போர்டைக் கழற்றிக் கூலிங் காயில் மாற்றும் வேலைக்கும்கூட. அந்த வேலையை வாரம் தவறாமல் செய்யும் கைக்குக் கிளிப் எங்கே உடையும் என்று தெரியும். பில்லில் எத்தனை கிராம் கேஸ், எவ்வளவு ஆயில், எத்தனை நிமிடம் வேக்குவம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் வேறு பட்டறையைப் பாருங்கள்.