சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு சைக்கிளில்: 26 வாரப் பயிற்சியின் அனுபவப் பகிர்வு

கடந்த ஜனவரியில் நாங்கள் ஒன்பது பேர் தாம்பரத்திலிருந்து சைக்கிளில் புறப்பட்டு, விழுப்புரம், திருச்சி, மதுரை, கோவில்பட்டி ஆகிய ஊர்களில் இரவு தங்கி, ஐந்தாம் நாள் மாலை கன்னியாகுமரியை அடைந்தோம். ஏறக்குறைய 680 கிலோமீட்டர். வகை 1 நீரிழிவு உள்ள ஏழைக் குழந்தைகளுக்கு இன்சுலினும் ரத்தச் சர்க்கரைப் பரிசோதனைப் பட்டைகளும் வாங்கித் தரும் ஓர் அறக்கட்டளைக்காக நிதி திரட்டினோம். எனக்கு வயது 46. நாள் முழுவதும் உட்கார்ந்து பார்க்கும் வேலை. கல்லூரிக்குப் பிறகு சைக்கிளைத் தொட்டதில்லை. ஜூலையில் தொடங்கி 26 வாரங்கள் செய்த பயிற்சியில் எது பலன் தந்தது, எது தரவில்லை என்பதை, இத்தகைய பயணத்துக்குத் தயாராக நினைப்பவர்களுக்காக, குறிப்பாகப் பெண்களுக்காக, எழுதுகிறேன்.

என் அக்கா மகளுக்கு ஏழு வயதில் வகை 1 நீரிழிவு இருப்பது தெரியவந்தது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே அழித்துவிடுவதால் வருவது இது. உணவுக் கட்டுப்பாட்டாலோ மாத்திரையாலோ மட்டும் ஈடுசெய்ய முடியாது. வாழ்நாள் முழுவதும் இன்சுலின் செலுத்தியாக வேண்டும். எங்கள் குடும்பத்தால் அந்தச் செலவைத் தாங்க முடிகிறது. தாங்க முடியாத வீடுகள் எப்படிச் சமாளிக்கின்றன என்பதை அறக்கட்டளையின் ஊழியர் ஒருவர் எங்களுக்குக் காட்டினார். திறக்காத இன்சுலின் குப்பியை 2 முதல் 8 டிகிரி வெப்பநிலையில் வைக்க வேண்டும்; குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், பயன்பாட்டில் உள்ள குப்பியையாவது வெயிலின் சூட்டிலிருந்து காப்பாற்ற வேண்டும். அவர் ஒரு பெரிய மண்பானையில் மணலை நிரப்பி, நடுவில் சிறு பானை ஒன்றைப் புதைத்து, மணலில் தண்ணீர் ஊற்றி, சிறு பானைக்குள் குப்பியை வைத்து ஈரத்துணியால் மூடினார். சிறிது நேரம் கழித்து உள்ளே கைவிட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. அன்று மாலைதான் இந்தப் பயணத்தில் சேரச் சம்மதித்தேன்.

முதலில் மருத்துவரிடம் இதயப் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டேன். நாற்பதைக் கடந்த எவரும் இதைத் தவிர்க்கக் கூடாது. பிறகு 24 கியர்களும் 32 மில்லிமீட்டர் அகல டயர்களும் கொண்ட நடுத்தர விலை ஹைப்ரிட் சைக்கிள் (சாலை சைக்கிளுக்கும் மலை சைக்கிளுக்கும் இடைப்பட்ட வகை) ஒன்றை வாங்கினேன். இதைவிட விலை உயர்ந்தது வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் பதில். சட்டகத்தின் அளவு உடலுக்குப் பொருந்தினால் போதும். மிச்சப்படும் பணத்தை சீட்டுக்கும் டயருக்கும் செலவிடலாம்.

பயிற்சித் திட்டம் எளிமையானது: செவ்வாய், வியாழன் காலைகளில் ஒரு மணி நேரம், ஞாயிறு அன்று நீண்ட தூரம். வாரந்தோறும் மொத்தத் தூரத்தைப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாமல், ஒவ்வொரு நான்காவது வாரத்திலும் குறைத்துக்கொண்டேன். ஜூலையில் திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை போய்த் திரும்பும் 50 கிலோமீட்டரே பெரிய காரியமாக இருந்தது. ஆகஸ்ட் முடிவதற்குள் மாமல்லபுரம் போய்த் திரும்ப முடிந்தது. ஞாயிறு விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டுபவர்களின் கூட்டம் இருக்கும். தனியாகப் போகிறோம் என்ற அச்சம் பெண்களுக்கு அங்கே குறைவு. இருந்தும் நான் ஒருநாளும் தனியாகப் போகவில்லை. வெளிச்சம் பரவிய பிறகும் பின்புறச் சிவப்பு விளக்கை அணைக்கவில்லை.

இந்தத் திட்டத்தில் இருந்த பெரிய ஓட்டை செப்டம்பரில்தான் தெரிந்தது. தொடர் விடுமுறை வந்ததால் சனிக்கிழமை 80 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமையும் 60 கிலோமீட்டர் போகலாம் என்று புறப்பட்டேன். கால்களில் வலி அதிகம் இல்லை. ஆனால் சீட்டில் உட்கார முடியவில்லை. பத்து கிலோமீட்டர் போவதற்குள் எழுந்து நின்று மிதிப்பதும் உட்காருவதுமாகத் தவித்து, அதே கடற்கரைச் சாலையில் உள்ள அக்கரை என்ற இடத்தில் இறங்கிவிட்டேன். வாரத்துக்கு ஒரு நாள் எவ்வளவு தூரம் ஓட்டினாலும் அடுத்த ஆறு நாட்கள் உடல் ஆறிவிடுகிறது. ஆறாத உடம்போடு மறுநாள் காலை ஏறி உட்காரும் பழக்கம் அதனால் வருவதில்லை. ஐந்து நாள் பயணத்துக்குத் தேவைப்படுவதோ அந்தப் பழக்கம். அந்த வாரமே திட்டத்தை மாற்றி, சனி ஞாயிறு இரண்டு நாட்களும் அடுத்தடுத்து ஓட்டத் தொடங்கினேன். இன்று யாருக்காவது ஒரே ஒரு அறிவுரை சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்.

சீட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நான் அதிகம் துன்பப்பட்டதும் அதிகம் கற்றதும் அங்கேதான். வாங்கிய கடையில் மெத்தென்ற ஜெல் உறை ஒன்றை மாட்டிவிட்டார்கள். 20 கிலோமீட்டர் வரை அது சுகமாகவே இருந்தது. அதற்கு மேல் போனால், இடுப்பெலும்பின் அடி முனைகள் மெத்தைக்குள் புதைந்துபோக, எடை முழுவதும் நடுவில் உள்ள மென்சதையின் மீது இறங்கியது. குழுவில் இருந்த மற்றொரு பெண்மணி, எங்கள் எல்லோரையும்விட அனுபவம் உள்ளவர், ஒரு வழி காட்டினார். உறுதியான மர ஸ்டூலின் மீது அட்டைப்பெட்டியிலிருந்து வெட்டிய தடித்த அட்டையை வைத்து, அதன் மீது குனிந்து உட்கார்ந்து எழுந்தால், எலும்பு அழுந்திய இரண்டு குழிகள் தெரியும். எனக்கு அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 12 சென்டிமீட்டர் இருந்தது. அதோடு இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் கூட்டி, நடுவில் பள்ளம் வெட்டிய, கெட்டியான, 15 சென்டிமீட்டர் அகல சீட்டை 2,400 ரூபாய்க்கு வாங்கினேன். முதல் வாரம் வலித்தது. மூன்றாவது வாரத்திலிருந்து சீட்டைப் பற்றிய நினைப்பே வரவில்லை. பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டை இரண்டு வாங்கிக்கொண்டு, அதை உள்ளாடை இல்லாமல் நேரடியாக அணிந்து, தினமும் துவைத்துக் காயவைத்துப் பயன்படுத்தினேன். உள்ளாடையின் தையல் விளிம்புதான் தோலை உரிக்கிறது என்பதை யாரும் முன்கூட்டியே எனக்குச் சொல்லவில்லை.

உயரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. வெறுங்காலுடன் சுவரோரம் நின்று, தொடையிடையிலிருந்து தரை வரை அளந்து, அதை 0.883ஆல் பெருக்கினால், பெடல் சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய தூரம் கிடைக்கும். என் அளவு 81 சென்டிமீட்டர், ஆகவே 71.5. இது தொடக்கப்புள்ளி மட்டுமே. முழங்காலின் முன்பக்கம் வலித்ததால் அரை சென்டிமீட்டர் உயர்த்தினேன், வலி போய்விட்டது. அக்டோபரில் வேறொரு தொல்லை வந்தது: நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போய், வீட்டுக்கு வந்து ரவிக்கைக் கொக்கியை மாட்ட முடியவில்லை. உள்ளங்கையின் ஓரத்தில் ஓடும் நரம்பு கைப்பிடியில் அழுந்துவதால் வருவது அது. சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்ததால் உடல் முன்னால் சரிந்து எடை கைகளுக்குப் போயிருக்கிறது. மட்டப்பலகை வைத்துச் சீட்டைச் சமமாக்கி, ஹேண்டில்பாரின் முனைகளில் கொம்பு போன்ற துணைப்பிடிகளை மாட்டி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கையின் நிலையை மாற்றினேன். இரண்டு வாரத்தில் சரியானது.

உணவைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தவள் அக்கா மகள். ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, காபி மட்டும் குடித்துவிட்டு மாமல்லபுரம் போய்த் திரும்பும்போது, முட்டுக்காடு பாலத்தருகே கண்கள் மங்கி, கை நடுங்கி, வியர்த்துக் கொட்டியது. மாலையில் அதை விவரித்தபோது அவள் சிறிதும் ஆச்சரியப்படவில்லை. “சித்தி, எனக்கு லோ ஆகும்போதும் இப்படித்தான் இருக்கும். குளுக்கோஸ் போட்டுட்டு பதினஞ்சு நிமிஷம் உட்காரணும், அப்புறம் மறுபடி பார்க்கணும்,” என்றாள். ரத்தச் சர்க்கரை குறையும்போது 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடக் காத்திருப்பு என்பது அவள் அன்றாடம் கடைப்பிடிக்கும் விதி. ஒவ்வொரு கவளத்திலும் எவ்வளவு மாவுச்சத்து என்று எண்ணிச் சாப்பிடும் அந்தப் பத்து வயதுப் பெண்தான் என் உணவுப் பட்டியலைத் தயாரித்தாள். நீண்ட ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கிறது. புறப்படும் முன் இட்லி, வழியில் வாழைப்பழமும் கடலை மிட்டாயும் பேரீச்சம்பழமும், 40 நிமிடத்துக்கு ஒருமுறை கைக்கடிகாரத்தில் மணி. பசித்த பிறகு சாப்பிட்டால் அது காலதாமதம். வகை 1 நீரிழிவு உள்ளவர்கள் மட்டுமே இடம்பெறும் டீம் நோவோ நார்டிஸ்க் என்ற தொழில்முறை சைக்கிள் அணி இருப்பதை நான் அவளுக்குச் சொன்ன நாளிலிருந்து, தனக்கும் ஒரு சைக்கிள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

தண்ணீரைப் பற்றிப் பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நெடுஞ்சாலையில் சுத்தமான கழிப்பறை கிடைக்காது என்ற பயத்தில் முதல் மூன்று மாதங்கள் நான் வேண்டுமென்றே குறைவாகக் குடித்தேன். அதன் விளைவாகத் தலைவலியும், ஒருமுறை சிறுநீர்த்தொற்றும் வந்தன. பிறகு பாதையில் உள்ள பெட்ரோல் நிலையங்களையும் சுங்கச்சாவடிகளையும் முன்கூட்டியே குறித்துக்கொண்டு, மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல், உப்பும் எலுமிச்சையும் கலந்து குடித்தேன். இதைக் குழுவில் வெளிப்படையாகப் பேசியதும், நிறுத்தங்கள் பெண்களான எங்கள் இருவரின் தேவையையும் கணக்கில் கொண்டு அமைந்தன. பேசக் கூச்சப்படக் கூடாது.

பஞ்சரும் பயிற்சியின் பகுதியே. அக்டோபரில் அச்சிறுபாக்கம் அருகே பின்சக்கரம் இறங்கியது. புதிய ட்யூப் மாட்டினேன். இரண்டு கிலோமீட்டரில் அதுவும் இறங்கியது. லாரிகளின் ரேடியல் டயர் வெடிக்கும்போது அதனுள் உள்ள மெல்லிய எஃகுக் கம்பிகள் சாலையோரம் சிதறிக் கிடக்கின்றன. தலைமுடியைப் போன்ற அந்தக் கம்பித் துண்டு டயரில் குத்தி, வெளியே கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். டயரின் உட்புறம் முழுவதும் சிறிது பஞ்சைத் தேய்த்துக்கொண்டே போனால் கம்பி இருக்கும் இடத்தில் பஞ்சு சிக்கும். புருவம் திருத்தும் இடுக்கியால் அதைப் பிடுங்கினேன். அன்று முதல் அந்த இடுக்கி என் கருவிப் பையில்தான் இருக்கிறது.

டிசம்பர் மூன்றாவது வாரத்தில் செய்த இறுதி ஒத்திகைதான் எனக்குத் துணிவைத் தந்தது. சனிக்கிழமை புதுச்சேரிக்கு ஏறக்குறைய 140 கிலோமீட்டர். இரவு தங்கி, ஞாயிறு அதே தூரம் திரும்ப வேண்டும். போகும்போது வடகிழக்குக் காற்று முதுகைத் தள்ளியது. திரும்பும்போது அதே காற்று மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி வந்து நெஞ்சில் அடித்தது. மணிக்கு 22 கிலோமீட்டராக இருந்த வேகம் 15க்கு இறங்கியது. வேகத்தைப் பிடிக்க முயலாமல், மிதிக்க இலகுவான கியருக்கு மாறி, நிமிடத்துக்கு 80 சுற்று என்ற மிதிப்பை மட்டும் விடாமல் காத்து, ஒருவர் பின் ஒருவராக வரிசையில் ஓட்டி, மாலை ஐந்து மணிக்கு வீடு சேர்ந்தோம். மறுநாள் திங்கட்கிழமை வழக்கம்போல் அலுவலகம் போனேன்.

பயணத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஜனவரியில் தெற்கு நோக்கிப் போவதால் காற்று பெரும்பாலும் துணை நின்றது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இதே பாதையில் போனால், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அந்தக் காற்று, கடைசி நாளில் பக்கவாட்டில் சைக்கிளைத் தள்ளும். மாதத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். விழுப்புரத்திலிருந்து திருச்சிக்குப் போன இரண்டாம் நாள்தான் மிக நீளமானது. மூன்றாம் நாள் காலை சீட்டில் ஏறியபோது எந்த வலியும் இல்லாதது எனக்கே நம்ப முடியாததாக இருந்தது. ஞாயிறு மட்டும் பயிற்சி செய்து வந்த இருவர் அன்று மதியம் துணை வண்டியில் ஏற வேண்டியிருந்தது. அவர்களின் கால்களுக்கு என்னைவிட வலு அதிகம்.

நிதி திரட்டலில் ஒரு விதியை உறுதியாகக் கடைப்பிடித்தோம்: தங்குமிடம், உணவு, துணை வண்டி ஆகியவற்றின் செலவு முழுவதும் எங்கள் சொந்தப் பணம், நன்கொடை ஒரு ரூபாயும் குறையாமல் நேராக அறக்கட்டளையின் கணக்குக்குப் போகும். இதை முதல் வரியிலேயே சொன்னதால் கேட்பது எளிதாயிற்று. வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீது கிடைக்குமா என்று பலரும் கேட்டார்கள். அதை உறுதிசெய்த பிறகே கேட்கத் தொடங்குவது நல்லது. பயிற்சியின் ஒவ்வொரு மாத முடிவிலும் ஓட்டிய தூரத்தையும் அடுத்த இலக்கையும் எழுதி அனுப்பினேன். தொடக்கத்தில் மௌனமாக இருந்தவர்கள் பலர் புதுச்சேரி ஒத்திகைக்குப் பிறகு பணம் அனுப்பினார்கள். என் வழியாகச் சேர்ந்தது 1,86,000 ரூபாய்.

இப்போது சைக்கிள் ஏறக்குறைய 4,300 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கடற்கரைச் சாலையின் உப்பும் மணலும் செயினை விரைவில் தேய்க்கின்றன. 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும்; அளந்தபோது ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்ததால் செயினை மாற்றிவிட்டேன். பின்டயரும் மாற்ற வேண்டிய நிலையில் இருக்கிறது. சீட்டில் ஒரு குறையும் இல்லை. வரும் ஜூலையில் மறுபடியும் தொடங்கும்போது, சனி ஞாயிறு அடுத்தடுத்த ஓட்டத்தை முதல் மாதத்திலிருந்தே, 20 கிலோமீட்டரானாலும், திட்டத்தில் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளின் முதல் ஐந்து கிலோமீட்டருக்கு அக்கா மகளும் வருகிறாள்; அவளுடைய பையில் குளுக்கோஸும் பரிசோதனைக் கருவியும், என்னுடையதில் அவள் எழுதிக் கொடுத்த பட்டியலும் இருக்கும்.