ஸ்னீக்கி பீட் க்யூ: வேஷம் போச்சு, ஸ்டிக் நல்லா இருக்கு

பூல் ஆடுற குச்சி (க்யூ) இது, விலை 180 டாலர். நீளம் 58 இன்ச், எடை 19 அவுன்ஸ், பந்தைத் தொடுற நுனி, அதாவது டிப், 13 மில்லிமீட்டர். தூரத்துல நின்னு பார்த்தா, அமெரிக்க பார்கள்ல சுவத்து ரேக்ல யார் வேணா எடுத்து ஆடலாம்னு மாட்டி வெச்சிருக்கிற ஓசி ஸ்டிக்குக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியாது. பட்டைச் சுத்து கிடையாது, முத்துப் பதிப்பு கிடையாது, கம்பெனி எழுத்து கிடையாது. ஆனா நடுவுல திருகிக் கழட்டினா ரெண்டு துண்டு. ஸ்னீக்கி பீட்னு சொல்வாங்க. காசு வெச்சு பூல் ஆடிக்கிட்டு ஊர் ஊராச் சுத்துன ஆட்டக்காரங்க, தாங்க யாருன்னு தெரியக்கூடாதுன்னு வெச்சிருந்த சரக்கு இது.

நான் அந்த ஜாதி ஆட்டக்காரன் இல்லை. ஹூஸ்டன்ல இருந்துக்கிட்டு ரிஃபைனரி பம்ப் சர்வீஸ் பண்றவன். போமான்ட், லேக் சார்ல்ஸ், ஒடெசான்னு வண்டியிலேயே பாதி வாழ்க்கை. சாயங்காலம் மோட்டல் ரூம்ல மைக்ரோவேவ் சாப்பாட்டை முறைச்சுப் பார்க்கிறதுக்கு, எதிர்ல இருக்கிற பார்ல பூல் டேபிள் எவ்வளவோ மேல். ஆட்டத்துக்கு அஞ்சு, பத்து, மிஞ்சிப்போனா இருபது டாலர். கம்பெனி குடுக்கிற பேட்டாவுக்கு மேல தொடுறதில்லைன்னு வீட்டம்மாகிட்ட ஒப்பந்தம்.

முதல்ல ஜாயின்ட், ரெண்டு துண்டும் சேர்ற இடம். நல்ல ஸ்னீக்கி பீட்டுக்கு உயிரே அங்கதான். மத்த க்யூல ஸ்டீல் வளையமோ வெள்ளைப் பட்டையோ இருக்கிற இடத்துல இதுல ஒண்ணும் இருக்காது. மேப்பிள் மரம் நேரா மேப்பிள் மேல உக்காரும். என்னோடதுல திருகிக்கிட்டே வந்தா கடைசிக் கால் சுத்துல ஒரு சின்ன 'கிறீச்' வரும். அது வந்தாத்தான் முழுசா மூடியிருக்குன்னு அர்த்தம். டேபிள் விளக்குக்கு அடியில பிடிச்சுப் பார்த்தா மயிரிழை கோடு ஒண்ணு தெரியும். மரத்தோட ரேகை அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொஞ்சம் விலகித்தான் ஓடுது. விரலை ஓட்டினா தட்டாது.

அடிப்பக்கம் ஃபுல் ஸ்ப்ளைஸ். கறுப்பு மரமும் வெள்ளை மரமும் நாலு கூர்முனையா ஒண்ணுக்குள்ள ஒண்ணு செருகி ஒட்டினது. விலை குறைஞ்சதுல இந்தக் கூர்முனையை ஸ்டிக்கரா ஒட்டி மேல வார்னிஷ் அடிச்சு வித்துடுவாங்க. நாலு முனையும் அச்சடிச்ச மாதிரி ஒரே உயரத்துல இருந்தா கொஞ்சம் உத்துப் பாருங்க. நிஜ மரத்துல ஒண்ணு ஒரு நூல் ஏறி, ஒண்ணு ஒரு நூல் இறங்கித்தான் இருக்கும்.

அடி எப்படி? கெட்டியா, நேர்மையா இருக்கு. பந்துல பட்டது கை வரைக்கும் தெரியுது. இப்ப எல்லாரும் தேடி ஓடுற கார்பன் ஃபைபர் ஷாஃப்ட் (க்யூவோட முன்பாதி) மாதிரி கிடையாது. சைடு ஸ்பின் வெச்சு வேகமா அடிச்சா வெள்ளைப் பந்து கோடு விட்டு விலகும், அதுக்குக் கணக்கு போட்டுத்தான் குறி வைக்கணும். இதே ஸ்டிக்குல கார்பன் ஷாஃப்ட் மாட்டிக்கலாம்தான். ஆனா கறுகறுன்னு ஷாஃப்ட்டை மாட்டிக்கிட்டு ஓசி ஸ்டிக்னு நடிக்க முடியுமா?

பார் டேபிள் தனி உலகம். ஏழு அடி நீளம், காசு போட்டாத்தான் பந்து இறங்கும். ஜெயிச்சவன் நிப்பான். அடுத்து ஆடணும்னா பஸ் சீட்டுல துண்டு போடுற மாதிரி டேபிள் ஓரக் குஷன் மேல குவார்ட்டரை (25 சென்ட் காசு) வெச்சு இடம் பிடிக்கணும். பாக்கெட்டுக்குள்ள போன வெள்ளைப் பந்தை மெஷின் தனியா பிரிச்சுத் திருப்பித் தரணும், அதனால சில பழைய டேபிள்ல வெள்ளைப் பந்து மட்டும் கொஞ்சம் பெருசா, கனமா இருக்கும். அடுத்த பந்துல பட்டதும் அதைப் பின்னால திரும்பி வர வைக்கிறது பெரும்பாடு. அங்க 19 அவுன்ஸ் மேப்பிள் எனக்கு நல்லாவே உதவுது. பட்டை சுத்தாத பிடி ஈரக் கையில வழுக்கும்னு நினைச்சேன், அப்படி ஒண்ணும் இல்லை.

சரி, வேஷம் பலிக்குதா? இல்லவே இல்லை.

இந்த ஸ்டிக்கை உபயோகிக்கிற பழைய முறை இதுதான்: கூட்டாளி ஒருத்தன் முன்னாடியே போய் சுவத்து ரேக்ல செருகிட்டு வந்துடுவான், ஆட்டக்காரன் அப்புறமா வெறுங்கையோட வந்து 'ஏதோ ஒண்ணு'ன்னு எடுப்பான். ஒரு ஊர்ல விளையாட்டா நானும் ரேக்ல வெச்சுட்டு பீருக்குச் சொல்லிட்டு உக்காந்தேன். தொப்பி போட்ட பையன் ஒருத்தன் அதையே எடுத்தான். டிப் வழுக்காம இருக்க சாக் போடும்போது கீழ்ப்பக்கத்தைத் திருகிக்கிட்டே இருக்கிற பழக்கம் அவனுக்கு. குனிஞ்சு அடிக்கப் போனான், ஸ்டிக் கையில ரெண்டாப் பிரிஞ்சு வந்துடுச்சு. பார் முழுக்கச் சிரிப்பு. "யாருதுய்யா இந்த ஸ்னீக்கி?"ன்னு பார்ல ஊத்துற அம்மாவே கேட்டாங்க. அன்னைக்கு ராத்திரி என்கூட ஒரு டாலருக்குக்கூட யாரும் ஆடலை.

ஸ்டிக் காட்டிக் குடுக்கலைன்னாலும் உடம்பு காட்டிக் குடுத்துடும். திருச்சியில ஸ்னூக்கர் பார்லர்ல 'தோத்தவன் டேபிள் காசு'ன்னு ஆடி வளர்ந்த ஆளு நான். தாடை ஸ்டிக்கைத் தொடுற அளவுக்குக் குனிஞ்சாத்தான் எனக்குப் பந்தே தெரியும். டெக்சாஸ் பார்ல அப்படி ஒருத்தன் குனிஞ்சா, "எங்க கத்துக்கிட்ட?"ன்னு அடுத்த கேள்வி வந்துடும். ஹூஸ்டன்ல நான் வழக்கமாப் போற பூல் ஹால்ல, இளவயசுல காசு ஆட்டமே பிழைப்பா இருந்த பெரியவர் ஒருத்தர் இருக்கார். முதல் அடிக்கு முன்னாடியே ஆளை எடை போட்டுடுவார். ஆள்காட்டி விரலை வளையமாப் போட்டு ஸ்டிக்கைப் பிடிக்கிறானா, ஒவ்வொரு அடிக்கும் சாக் போடுறானா, போட்டதும் சாக் கட்டியைக் குழி மேல பார்க்க வைக்கிறானா, இது போதும் அவருக்கு. என் ஸ்டிக்கை வாங்கித் தட்டிப் பார்த்துட்டு, "மரம் நல்ல மரம்"னார். மறைக்கிறதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை.

1985-ல பூல் ஆட்டக்காரர் எஃப்ரன் ரேயஸ் பிலிப்பைன்ஸ்ல இருந்து முதல்முறையா இங்க வந்து இறங்கினப்போ, ஹூஸ்டன்ல ஒரு ஹால்ல சீசர் மொராலெஸ்னு பேர் சொல்லித்தான் ஆடினார். அவர் மறைச்சது பேரை. குச்சியைப் பத்தி யாருக்குக் கவலை? 1999-ல அவர் உலக நைன்பால் சாம்பியன் ஆனப்புறம் எந்தப் பேரும் உதவியிருக்காது. அதுக்கும் முன்னாடி, 1961-ல இருந்து இல்லினாய்ஸ்ல ஜான்ஸ்டன் சிட்டிங்கிற சின்ன சுரங்க ஊர்ல ஜான்ஸ்கோ சகோதரர்கள் வருஷா வருஷம் போட்டி வெச்சாங்க. ஊர் ஊராச் சுத்துறவங்க எல்லாம் அங்க கூடுவாங்க, போட்டி முடிஞ்சதும் விடிய விடிய காசு ஆட்டம். பேப்பர்ல போட்டோ வர ஆரம்பிச்சப்பவே ரகசியம் பாதி போச்சு. 1972-ல மத்திய போலீஸ் உள்ள புகுந்து அதையும் முடிச்சு வெச்சாங்க.

இப்ப ஃபார்கோ ரேட்டிங் வந்து மிச்சத்தையும் துடைச்சுடுச்சு. லீக்ல, போட்டியில ஆடுற ஒவ்வொருத்தருக்கும் ஒரு எண். ரெண்டு பேருக்கு நடுவுல 100 புள்ளி வித்தியாசம் இருந்தா, பெரியவன் ரெண்டு கேம் ஜெயிக்கிற நேரத்துல சின்னவன் ஒண்ணு ஜெயிப்பான்னு கணக்கு. ஒடெசாவுல ஒருத்தன் என் பேரை ஸ்பெல்லிங் கேட்டு போன்ல தட்டிப் பார்த்தான். கிடைக்கலை. பட்டியல்ல இல்லைங்கிறதே பெரிய குத்தமாப் போச்சு, அவன் ஸ்டிக்கை மூடி வெச்சுட்டான்.

அதனால இன்னைக்குக் காசு ஜெயிக்கிறதும் தோக்கிறதும் பேரத்துலதான். நைன்பால்ல ஒன்பதாம் பந்தைப் போட்டவன்தான் ஜெயிப்பான். "எட்டாம் பந்தையும் உனக்குத் தரேன்"னா, அவன் எட்டைப் போட்டாலும் ஜெயிப்பு, ஒன்பதைப் போட்டாலும் ஜெயிப்பு. முதல்ல ஏழு கேம் ஜெயிக்கிறவனுக்கா, ஒன்பது கேமா, யார் பிரேக் (முதல் அடி) அடிக்கிறது, பார் டேபிளா ஒன்பது அடி டேபிளா, இதுல ஒரு மணி நேரம் போகும். சுவத்துல 'சூதாட்டம் கூடாது'ன்னு போர்டு தொங்கும், அதுக்கு நேர் கீழ உக்காந்துதான் பேசுவாங்க. காசு போடுற ஆள் ஒருத்தன் பின்னாடி இருந்தா, மோட்டல், பெட்ரோல் செலவு போக ஜெயிச்சதைப் பங்கு போடணும். பாக்கெட்ல காசே இல்லாம பந்தயம் கட்டுறவனும் உண்டு, அதுக்கு 'ஏர் பேரல்'னு பேர். தோத்தா பின் கதவு வழியா ஓடணும். இதையெல்லாம் கேட்டப்புறம் அந்தப் பிழைப்பு மேல எனக்கு ஆசை வரலை. பெரியவருக்கும் பென்ஷன்னு ஒண்ணும் கிடையாது.

குறைகளுக்கு வரேன். ஜாயின்ட்டுக்கு வளையம் இல்லாததால ஓரம் மென்மை. போன குளிர்ல துல்சா மோட்டல் ஹீட்டர் பக்கத்துல இருந்த பிறகு ஷாஃப்ட் பக்கம் ஒரு துளி சுருங்கி, நகம் தட்ட ஆரம்பிச்சது. மழைக்காலத்துல தானா சரியாச்சு. கழட்டினதும் ஜாயின்ட் மூடி போடாம பையில தள்ளினா ஓரம் நசுங்கும், அந்த மூடியைக் கம்பெனி தரலை. கூட வந்த டிப் சீக்கிரமே காளான் மாதிரி விரிஞ்சுடுச்சு, தோலை அடுக்கடுக்கா ஒட்டின லேயர் டிப்பா மாத்தினப்புறம்தான் ஸ்டிக்கோட குணமே தெரிஞ்சது. டெக்சாஸ் வெயில்ல கார் டிக்கியில மட்டும் விடாதீங்க, எந்த மர க்யூவும் தாங்காது.

வாங்குறவங்க ஷாஃப்ட்டைத் தனியா டேபிள் மேல உருட்டிப் பாருங்க, டிப் எம்பி எம்பிக் குதிச்சா வேண்டாம்னு வெச்சுடுங்க. ரேகை நுனி வரைக்கும் நேரா ஓடணும். நல்ல ஆட்டக்காரன்னு தெரியாம ஊரை ஏமாத்தலாம்னு வாங்கறவங்களுக்கு இது வேஸ்ட். பளபளப்பு எதுக்கும் காசு குடுக்காம, நல்ல மரத்துக்கு மட்டும் குடுக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு இந்த விலையில இதைவிட உருப்படியானதை நான் கையில பிடிச்சதில்லை. அஞ்சுக்கு நாலு குடுப்பேன். டிப் மாத்துற கூலி, ஜாயின்ட் மூடி, ஒரு கெட்டிப் பை, இந்த மூணையும் விலையோட சேர்த்துக் கணக்கு போட்டுக்கோங்க.