குட்டைக்கு நுண்ணுயிர்ப் பொடி: ஒரு பருவம் முழுவதும் பயன்படுத்திய பிறகு

ஒரத்தநாட்டுக்கு அருகில் தலா அரை ஏக்கர் அளவுள்ள இரண்டு குட்டைகளில் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்று மீன்களையும் கலந்து வளர்த்து வருகிறேன். சென்ற பருவத்தில், தீவனக்கடைக்காரர் வற்புறுத்தியதன் பேரில், குட்டையில் இடும் நுண்ணுயிர்ப் பொடி ஒன்றை வாங்கினேன். அது அம்மோனியாவைக் குறைக்கும், பாசியைக் கட்டுப்படுத்தும், அடிச்சேற்றைத் தின்னும் என்று பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருந்தது. கிலோ 700 ரூபாய். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரைக் கிலோ வீதம் கிழக்குக் குட்டைக்கு மட்டும் இட்டு, மேற்குக் குட்டையைப் பொடி படாமல் விட்டுவைத்தேன். எட்டு மாதத்தில் எட்டுக் கிலோ செலவாயிற்று. பொடியை ஊறவைக்க வாங்கிய வெல்லத்தின் விலை தனி.

ஒரு கிராமில் 500 கோடி நுண்ணுயிர்கள் உள்ளதாகப் பொட்டலம் சொல்கிறது. கேட்கும்போது மலைப்பாக இருக்கும் இந்த எண்ணைக் குட்டையின் அளவோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஐந்தடி ஆழமுள்ள அரை ஏக்கர் குட்டையில் சுமார் 30 லட்சம் லிட்டர் தண்ணீர் நிற்கும். அதில் அரைக் கிலோவைக் கரைத்தால் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ எண்ணூறு நுண்ணுயிர்கள்தாம் கிடைக்கும். நாம் எதுவும் இடாத குட்டை நீரிலேயே மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் அளவில் பாக்டீரியாக்கள் இயல்பாக வாழ்கின்றன. ஆகவே பொடியை வாளியில் கரைத்துக் கரையிலிருந்து வீசுவதால் பெரிதாக எதுவும் நடந்துவிடாது. முதல் மூன்று மாதம் நான் செய்தது அதுதான்.

அம்மோனியா விஷயத்தில் பொட்டலத்தின் கூற்றை நான் ஏற்கவில்லை. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் ஆகிய இரண்டு பாக்டீரியாக்களின் பெயரும் பொட்டலத்தில் இருக்கின்றன. ஆனால் பாசில்லஸ் என்னும் பாக்டீரியா வகைகளைப் போல இவை வித்தாக உறங்கிக் காய்ந்த பொடியில் மாதக்கணக்கில் உயிரோடு கிடப்பவை அல்ல; கடையின் தகரக் கூரைக்கு அடியில் கோடை முழுவதும் கிடந்த பொட்டலத்தில் அவை எத்தனை மிஞ்சியிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். பரிசோதனைப் பெட்டியைக் கொண்டு வாரம் ஒருமுறை பார்த்ததில், இரு குட்டைகளிலும் அம்மோனியா ஒன்றுபோலவே ஏறி இறங்கியது. அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் கிளாட் பாய்டும் அவருடன் பணிபுரிந்த ஆய்வாளரும் கெளுத்திக் குட்டைகளில் பாசில்லஸ் கலவையை இட்டுப் பார்த்து 1998இல் வெளியிட்ட முடிவும் இதற்கு நெருக்கமானதே: பிழைத்த மீன்களின் எண்ணிக்கை கூடியது, நீரின் தரத்தில் குறிப்பிடும்படியான மாற்றம் அதிகம் இல்லை.

உண்மையில் என் குட்டைகளில் அம்மோனியாவை உறிஞ்சி வைத்திருந்தது பாசிதான். அதே பாசி அளவு மீறினால் ஆபத்தும் அதுவே. பிற்பகலில் அது கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் காலையில் 7.6 ஆக இருந்த காரகாடித்தன்மை (pH) நாலு மணிக்கு 8.8க்கு ஏறிவிடும், முப்பது டிகிரி வெப்பத்தில், காலையில் நூற்றில் மூன்று பங்காக இருந்த நச்சு வடிவ அம்மோனியா அப்போது மூன்றில் ஒரு பங்காகிவிடும். தண்ணீரில் முழங்கை வரை கையை விட்டால் உள்ளங்கை மங்கலாகத் தெரிய வேண்டும் என்பது எங்கள் பக்கத்து அளவு. அவ்வளவுகூடத் தெரியாதபடி பச்சை தடித்தபோது பொடி எந்த உதவியும் செய்யவில்லை. தீவனத்தைப் பாதியாக்கி, சாணம் இடுவதை நிறுத்திய பிறகுதான் தெளிந்தது.

ஐந்து நாள் வானம் மூடியிருந்த சமயத்தில், "இப்பப் போட்டாத்தாண்ணே நல்லது" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, வெல்லக் கரைசலில் ஊறவைத்த பொடியை மாலையில் ஊற்றினேன். வெயில் இல்லாததால் பாசி ஏற்கெனவே ஆக்சிஜனைக் குறைவாகவே தந்துகொண்டிருந்தது. இரவில் பாசியும் மூச்சுவிடும், மீனும் மூச்சுவிடும், வெல்லத்தைத் தின்று பெருகிய நுண்ணுயிர்களும் மூச்சுவிடும். விடியற்காலையில் கட்லாக்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாய் பிளந்து நின்றன. இன்ஜினைப் போட்டு ஆழ்துளைக் கிணற்று நீரைத் தூவுவதற்குள் நாற்பதுக்கு மேல் செத்து மிதந்தன. மேகமூட்டத்தில் இடக்கூடாது என்ற ஒரு வரி பொட்டலத்தில் எங்கும் இல்லை. இந்தப் பொருளின் மீது எனக்குள்ள பெரிய குறை இதுவே.

பாராட்ட வேண்டிய பகுதி அடிச்சேறு. நாலாம் மாதம் முதல் பொடியை ஈர மணலில் பிசைந்து, தீவனம் விழும் இடங்களில் மட்டும், காலை பத்து மணிக்கு மேல், வெயில் உள்ள நாளில் தூவினேன்; எல்லாம் நேரே அடியில் போய்ச் சேர்ந்தன. அறுவடைக்குப் பின் தண்ணீரை வடித்தபோது, மேற்குக் குட்டையில் அந்த இடங்களில் கணுக்கால் ஆழத்துக்குக் கருஞ்சேறும் அழுகிய முட்டை நாற்றமும் இருந்தன; கிழக்கில் சேறு பாதிகூட இல்லை, நாற்றமும் மிகக் குறைவு. ஒரே ஒரு குட்டையை வைத்துத் தீர்ப்புச் சொல்வது சரியல்ல என்றாலும், மண்வெட்டி பிடித்த ஆட்கள் இருவரும் வித்தியாசத்தைத் தாமாகவே சொன்னார்கள். கட்லாவில் மண்வாடை மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்.

பொட்டலத்தின் தயாரிப்புத் தேதி ஈரக்கை பட்டால் அழிந்துவிடுகிறது. வாங்கும்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளவும். சுண்ணாம்பு இடும் நாளுக்கும் இதற்கும் சில நாள் இடைவெளி விடவும். ஐந்துக்கு இரண்டரை மதிப்பெண் தருவேன். அடுத்த பருவத்துக்குத் தீவன இடங்களுக்கு மட்டும் போதுமான இரண்டு கிலோ வாங்கப்போகிறேன். மீதமாகும் நாலாயிரத்துச் சொச்சத்தை, தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டருக்கென்று ஒதுக்கிவைத்திருக்கிறேன்.