ப்ளெனிம் அரண்மனை: சர்ச்சிலின் பிள்ளைப் பருவத்தைத் தேடிப் போகிறவர்களுக்கு

எழுத்தில் ப்ளென்ஹைம், உள்ளூர்க்காரர்கள் வாயில் ப்ளெனிம். பஸ்ஸில் அப்படியே கேளுங்கள். ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர், வுட்ஸ்டாக் என்ற சிற்றூரின் ஓரத்தில் இருக்கிறது.

டிக்கெட் எடுக்கும்போதே பலர் ஏமாந்துவிடுவார்கள். பூங்காவுக்கும் தோட்டத்துக்கும் மட்டும் தனி டிக்கெட் உண்டு. விலை குறைவு என்று அதை எடுத்தால் அரண்மனைக்குள் போக முடியாது. சர்ச்சில் பிறந்த அறை உள்ளேதான்.

அந்த அறை தரைத்தளத்தில், பெரிய கூடத்துக்குப் பக்கத்தில். 20 மீட்டர் உயரக் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குச் சப்பென்றுதான் இருக்கும். ஒரு பித்தளைக் கட்டில். சர்ச்சிலுக்கு ஐந்து வயதில் வெட்டி எடுத்த செம்பட்டை முடிச்சுருள். கூட்டத்தில் அதைப் பார்க்காமல் போய்விடாதீர்கள். பையனுக்கு மிகக் கிட்டத்தில் நம்மைக் கொண்டுபோவது அதுதான்.

பள்ளிக்கூடப் பையன் சர்ச்சில் இங்கே அதிகம் தென்படமாட்டான். அது காட்சிக்கு வைத்தவர்களின் குறை இல்லை. 1874 நவம்பர் 30 அன்று பிறந்தது இங்கே, வளர்ந்தது இங்கே அல்ல. வீடு, டியூக் என்ற பரம்பரைப் பிரபுப் பட்டம் கொண்ட தாத்தாவுடையது. அப்பா ராண்டால்ஃப் இளைய மகன், பட்டமும் வீடும் மூத்தவருக்கு. டப்ளின், லண்டன், பிறகு ஏழு வயதிலேயே ஆஸ்காட்டில் விடுதிப் பள்ளி, பிரம்படி. 1884-இல் பிரைட்டனில் ஒரு பள்ளி, 1888-இல் ஹாரோ பள்ளி. லீவுக்கு வந்துபோகிற பேரனுக்கு இது தாத்தா வீடு, அவ்வளவே.

ஆனால் பட்டாளத்து ஆசை எப்படி முளைத்தது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. சுமார் 1500 பொம்மைச் சிப்பாய்களை அணிவகுத்து விளையாடிய பையன் அவன். இங்கே சுவர் முழுக்க அவன் மூதாதையான முதல் டியூக்கின் போர்கள், நெய்த திரைகளாகத் தொங்குகின்றன. பச்சை எழுத்தறையில் கொஞ்சம் நேரம் நில்லுங்கள்: மாளிகைக்குப் பெயர் தந்த 1704 ப்ளென்ஹைம் போரில் பிரெஞ்சுத் தளபதி டலார்ட் சரணடைகிறார், முன்னால் ஒரு வீரன், கையில் பிடிபட்ட பிரெஞ்சுக் கொடி. பரம்பரைப் பெருமை என்பதை ஒரு பையன் வெறும் கண்ணாலேயே படித்துவிடலாம்.

படிப்பு அப்படி வரவில்லை. சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரி நுழைவுத் தேர்வில் இரண்டு முறை தோல்வி. 1893-இல் மூன்றாம் முறை தேறினாலும் மதிப்பெண் காலாட்படைக்குப் போதவில்லை, குதிரைப்படைக்குத்தான் போதியது. குதிரைச் செலவு சொந்தக் கையிலிருந்து போவதால் அங்கே போட்டி குறைவு. மகன் பூரித்துப்போனான், செலவை நினைத்து அப்பா எரிந்து விழுந்தார். 1895-இல் நான்காம் ஹுஸார் என்ற குதிரைப்படையில் அதிகாரி. பெரியப்பா மகனான அன்றைய டியூக்குக்கு 1897-இல் மகன் பிறக்கும்வரை, இந்த மாளிகைக்கு அடுத்த வாரிசும் அந்த இளம் அதிகாரிதான்!

வாசிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு: பள்ளிக் காலக் கடிதங்கள் கேம்பிரிட்ஜில் உள்ள சர்ச்சில் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

ரயிலில் வருவதானால் லண்டன் பேடிங்டனில் ஏறி ஹேன்பரோவில் இறங்குங்கள். அரண்மனை சுமார் 4 கிலோமீட்டர். 1965-இல் சர்ச்சிலின் உடல் ரயிலில் வந்து இறங்கியதும் ஹேன்பரோவில்தான். வழியில் பிளேடன் தேவாலயம். அவரும் பெற்றோரும் அங்கே அடக்கம். அவரை வளர்த்த ஆயா எவரெஸ்ட் அம்மாள் அங்கே இல்லை. அவர் கல்லறை கிழக்கு லண்டனில். கல் நட்டது சர்ச்சிலும் அவர் தம்பியும்.