வால்வ் சீல் மாற்றக் காரைக் கொடுக்கும் முன், டூலைக் காட்டச் சொல்லுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பழைய வீரா, சாகா, கஞ்சில் கார் ஓட்டுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். வால்வ் சீல் என்பது என்ஜின் எண்ணெய் வால்வ் தண்டு வழியாக எரியறைக்குள் இறங்காமல் தடுக்கும் சின்ன ரப்பர் மூடி. அது இருப்பது ஹெட்டில், அதாவது சிலிண்டர்களுக்கு மேல் பூட்டியிருக்கும் என்ஜினின் மேல்பகுதியில். "ஹெட்டைக் கழற்றாமலே வால்வ் சீல் மாற்றித் தருகிறோம்" என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னால் அது பொய் என்று நினைக்க வேண்டாம். அந்த வேலை உண்மையிலேயே நடக்கக் கூடியதுதான். பிரச்சினை என்னவென்றால், அதற்குரிய டூல் இல்லாத போமனும் (மெக்கானிக்) அதே வார்த்தையைச் சொல்கிறார், பணத்தையும் வாங்கிக்கொள்கிறார். என்னுடைய வீரா 1.5 அப்படி ஒரு கடையில்தான் போய் மாட்டியது. கடையின் பெயரைப் போட மாட்டேன். பணத் தகராறு ஒருவழியாக முடிந்துவிட்டது, மறுபடியும் கிளற விருப்பமில்லை.

காருக்கு என்ன கோளாறு என்பதில் குழப்பமே இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை ஒரு கொத்து வரும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். ஒருமுறை கோலகங்சாரிலிருந்து ஹைவே வழியாக ஈப்போவுக்குப் போகும்போது, மெனோரா சுரங்கப் பக்கத்து இறக்கத்தில் எண்ணெய் மிதியிலிருந்து (ஆக்சிலரேட்டர்) காலை எடுத்துவிட்டு இறங்கி, கீழே வந்து மறுபடி மிதித்தேன். பின்னால் மோட்டாரில் வந்த மச்சான், "கொசு மருந்து அடிக்கிற வண்டி மாதிரி இருக்கு" என்றார். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்திருந்தால் ஏற்றத்தில் மிதிக்கும்போதெல்லாம் புகை வரும். நின்று கிளம்பும்போதும் இறக்கத்துக்குப் பிறகும் மட்டும் வந்தால் சந்தேகம் முதலில் வால்வ் சீல் மேல்தான் போக வேண்டும். காலை எடுத்த நேரத்தில் உள்ளே உறிஞ்சும் வேகம் அதிகம். கெட்டிப்பட்ட சீல் வழியாக என்ஜின் எண்ணெய் கீழே இறங்கி, அடுத்து மிதிக்கும்போது எரிகிறது. சீல் என்பது ரப்பர்தானே, பல வருடச் சூட்டில் காய்ந்து போகும். வீரா உற்பத்தி நின்றதே 2009-இல், அதனால் இன்று ஓடுகிற எந்த வீராவிலும் பழைய சீல் நல்லபடி இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

டவுனில் இருக்கும் அந்தக் கடையில் காட்டினேன். முதலாளி கேட்டதுமே, "ஹெட் திறக்க வேண்டாம் அண்ணே, எங்ககிட்ட ஸ்பெஷல் டூல் இருக்கு. 450 வெள்ளி, பன்னிரண்டு சீலும் மாத்திடலாம்" என்றார். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்க்கவில்லை, ஸ்பார்க் பிளக்கைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. வேலை நடந்தபோது ஒருதரம் எட்டிப் பார்த்தேன். ஹெட்டின் மேல்மூடியான ராக்கர் கவர் திறந்திருந்தது. மேசையில் C வடிவத்தில் பெரிய இரும்புக் கவ்வி ஒன்று கிடந்தது. வேலை செய்த பையன் அதைத்தான் ஸ்பெஷல் டூல் என்று காட்டினான். சும்மா ஒரு போட்டோ எடுத்து வைத்தேன்.

கார் எடுக்கப் போனால் பில் 1,150 வெள்ளி. 'டாப் ஓவர்ஹால்', ஹெட் கேஸ்கெட் செட் (ஹெட்டுக்கு அடியில் வைக்கும் அடைப்புத் தகடு), ஹெட் ஸ்கிம்மிங் (ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சீவிச் சமன் செய்வது), பன்னிரண்டு வால்வ் சீல், கூலி என்று எழுதியிருந்தது. ஹெட் திறக்காமல் செய்வதாகத்தானே பேச்சு என்று கேட்டால், "திறந்து பார்த்தப்புறம்தான் தெரிஞ்சது அண்ணே, ஹெட் வளைஞ்சிருந்தது" என்றார். சாவி அவர் கையில், நான் வேலைக்குப் போக வேண்டும். பணத்தைக் கட்டிவிட்டு, கடை முத்திரையோடு பில்லைக் கேட்டு வாங்கினேன். அவ்வளவு நடந்ததில் எனக்கு உதவியது அந்தத் தாள்தான்.

புகை நிற்கவில்லை. முன்பு ஸ்டார்ட்டிலும் இறக்கத்துக்குப் பிறகும் மட்டும் வந்தது, இப்போது சிக்னலில் நின்றாலும் வந்தது. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "ரிங் போயிருக்கு, என்ஜினே இறக்கணும்" என்ற பதில். சரி, இனி இங்கே பேசிப் பயனில்லை என்று லிந்தாங் சாலைப் பக்கம் வீட்டுப் போர்ட்டிகோவில் வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். தோட்டத்துப் பட்டறையில் டிராக்டரும் லாரியும் பார்த்து ஓய்வு பெற்றவர்.

அவர் முதலில் நாலு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்தார். நாலாவது மட்டும் எண்ணெயில் குளித்திருந்தது. கம்ப்ரஷன் பார்த்தார், நாலும் கிட்டத்தட்டச் சமம். "ரிங் நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றார். அப்புறம் ராக்கர் கவரைத் திறந்து டார்ச் அடித்து, என்னையும் குனியச் சொன்னார். ஹெட் போல்ட் ஒவ்வொன்றின் தலையிலும் வருடக்கணக்கான கறுப்புப் படிவு அப்படியே ஒட்டியிருந்தது. ஸ்பேனர் பட்ட ஒரு கீறல்கூட இல்லை. வெளியே தெரியும் கேஸ்கெட் ஓரமும் பழையதுதான். ஹெட் கழன்றதே இல்லை. கேஸ்கெட்டுக்கும் ஸ்கிம்மிங்குக்கும் நான் கொடுத்த பணம் காற்றில் போனது.

அதைவிட மோசமானது, வால்வுகளை அமுக்கும் ராக்கர் கைகளைத் தாங்கும் ராக்கர் ஷாஃப்டை எடுத்த பிறகு தெரிந்தது. ஒன்றாவது, நாலாவது சிலிண்டர்களில் ஸ்பிரிங் மேல் இருக்கும் மூடியில் சுத்தியல் தழும்பு. இரண்டிலும் மூன்றிலும் தழும்பே இல்லை. பெரியவர் அங்கேயே கணக்குச் சொல்லிவிட்டார். நாலு சிலிண்டர் என்ஜினில் ஒன்றும் நாலும் சேர்ந்து மேலே வரும், இரண்டும் மூன்றும் சேர்ந்து மேலே வரும். பிஸ்டன் மேலே நிற்கும்போது ஸ்பிரிங்கைக் கழற்றினாலும் வால்வ் பிஸ்டன் தலையில்தான் உட்காரும், உள்ளே விழாது. அதனால் ஒன்றையும் நாலையும் மேலே நிறுத்தி, மூடியின் மேல் சாக்கெட் வைத்துச் சுத்தியலால் அடித்து, அந்த மூடியை வால்வ் தண்டில் பிடித்து வைக்கும் சின்னப் பூட்டுகளைத் தெறிக்க வைத்திருக்கிறார்கள். மற்ற இரண்டுக்கும் என்ஜினைச் சுற்றி நிறுத்தும் வேலையைக்கூடச் செய்யவில்லை. பன்னிரண்டு சீலுக்கு ஆறுதான் மாறியிருந்தது. பழைய ஆறும் நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் மாதிரி இருந்தன. மாற்றிய ஆறில் ஒன்றின் இரும்பு வளையம் நசுங்கியிருந்தது, நாலாவது சிலிண்டரில் ஒன்றுக்கு உதடே கிழிந்திருந்தது.

அந்த C கவ்வி போட்டோவைக் காட்டினேன். "இதோட ஒரு முனை வால்வோட முகத்துல, எரியறை உள்ளே இருந்து உட்காரணும். ஹெட்டு என்ஜின் மேல இருக்கும்போது கையை எங்கே விடுவான்?" என்று கேட்டார். ஹெட்டை இறக்கி மேசையில் வைத்துச் செய்கிற வேலைக்கு அது நல்ல டூல். இறக்காமல் செய்யும் வேலையில் அதற்கு இடமே இல்லை. ஒரு கடையில் இதைக் காட்டி ஹெட் கழற்றாமல் செய்வோம் என்றால், அடுத்த கேள்வி தேவையில்லை, சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பலாம்.

பெரியவர் வைத்திருந்தது வேறு. ராக்கர் ஷாஃப்ட் போல்ட் ஓட்டைகளிலேயே பூட்டிக்கொள்ளும் ஒரு கம்பி, அதில் தொங்கும் ஒரு நெம்புகோல், நுனியில் ஜன்னல் வெட்டிய ஒரு குழாய். நெம்பினால் ஸ்பிரிங் நேராக அமுங்கும், ஜன்னல் வழியாகக் காந்தக் குச்சியை விட்டு இரண்டு பூட்டுகளையும் எடுக்கலாம். பட்டறையில் இருந்தபோது தானே வெல்டிங் வைத்துச் செய்ததாம். இப்படி ஹெட் மேல் பூட்டுகிற வகையைக் கடையில் கிட்டாகவும் விற்கிறார்கள். ஸ்பிரிங்கின் சுருளை இரண்டு நகத்தால் பிடிக்கும் சின்ன வகையும் உண்டு. ஸ்பிரிங் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கும் ஹெட்டில் அதன் நகம் நுழைய இடம் இருக்காது.

வால்வ் கீழே விழாமல் தாங்குவதற்கு அவர் ஏர் வைக்கவில்லை, அதாவது பிளக் ஓட்டை வழியாகக் கம்ப்ரசர் காற்றை விடவில்லை. பிஸ்டன் மேலே வருவதற்குச் சற்று முன் நிறுத்தி, பிளக் ஓட்டை வழியாகச் சுத்தமான நைலான் கயிற்றைச் சுருட்டிச் சுருட்டி உள்ளே விட்டார். நுனி வெளியே தொங்க வேண்டும், அதில் அவர் ரொம்பக் கண்டிப்பு. பிறகு பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் தண்டான கிராங்கைக் கையால் சுற்ற, பிஸ்டன் கயிற்றை மேலே தள்ளி வால்வுகளைத் தாங்கிக்கொண்டது. பழைய சீலைப் பிடுங்க வளைந்த வாய் உள்ள குறடு, புதியதை உட்கார வைக்க இரும்பு வளையத்தை மட்டும் தொடும் குழாய். வால்வ் தண்டின் நுனியில் பூட்டு உட்காரும் பள்ளத்தின் விளிம்பு கூராக இருக்கும். அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் உறையை மாட்டிவிட்டுத்தான் சீலை இறக்கினார். அந்த உறை இல்லாததால்தான் என் சீலின் உதடு கிழிந்தது. ஹெட்டில் எண்ணெய் இறங்கும் ஓட்டைகளையெல்லாம் முன்கூட்டியே துணியால் அடைத்தார். இருபத்து நாலு பூட்டில் ஒன்று உள்ளே விழுந்தாலும் வேலை இரட்டிப்பாகிவிடும். ஸ்பிரிங் இல்லாத நேரத்தில் ஒவ்வொரு வால்வையும் பக்கவாட்டில் ஆட்டியும் பார்த்தார். வால்வ் கைடு (வால்வ் தண்டு ஏறி இறங்கும் குழல்) தேய்ந்து ஆட்டம் கொடுத்தால் புதுச் சீல் சீக்கிரமே போய்விடும், அதற்கு ஹெட்டை இறக்கியே ஆக வேண்டும். என் காரில் அந்த அளவுக்கு இல்லை. புகை நின்றுவிட்டது.

பில், போட்டோ, கழற்றிய சீல்கள் எல்லாவற்றையும் வைத்துப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்தேன். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். வக்கீல் வைக்க வேண்டியதில்லை, வைக்கவும் முடியாது. விசாரணைக்கு முன்பே முதலாளி போன் செய்து, கேஸ்கெட், ஸ்கிம்மிங் பணத்தையும் மாற்றாத ஆறு சீலுக்கான பணத்தையும் திருப்பித் தந்துவிட்டார். கூலியைத் தரவில்லை. அதோடு விட்டுவிட்டேன்.

இதைக் கேள்விப்பட்டு, ஆன்லைனில் கிட் வாங்கித் தாங்களே செய்யலாமா என்று சிலர் கேட்டார்கள். கை பழகியவர் என்றால் செய்யலாம். 'யுனிவர்சல்' என்ற வார்த்தையை நம்பாமல் படத்தைப் பாருங்கள், ஹெட் மேல் பூட்டும் வகையா, C கவ்வியா என்று. சாக்கெட் மாதிரி இருந்து, தட்டினால் பூட்டைக் காந்தம் பிடித்துக்கொள்ளும் மலிவு டூலும் வருகிறது. கடைக்காரன் சுத்தியலால் செய்ததைத்தான் அதுவும் செய்கிறது, என்ன, காந்தம் ஒன்று கூடுதல். ஏர் அடாப்டர் வாங்கினால் பிளக் மரை அளவு முக்கியம். வீராவுக்கு 14 மில்லிமீட்டர், புதிய கார்கள் சிலவற்றில் அதைவிடச் சிறியது. ஏர் விடும்போது பிஸ்டன் உச்சியில் இல்லையென்றால் கிராங்க் சட்டென்று சுற்றும், ஆட்டோ கியரை P-யில் போட்டாலும் அது நிற்காது, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனரோடு ஒருவர் பிடித்திருக்க வேண்டும். ஸ்பிரிங் வெளியே இருக்கும்போது கரண்ட் போய்க் கம்ப்ரசர் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டு, கயிறா ஏரா என்று முடிவு செய்யுங்கள்.